கோடால் உருவாக்கிய கொன்ட்ரோலை எப்படிப் பிடிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெப் ஃபோர்ம்ஸில் (மைக்ரோசொஃப்டின் டொட் நெட்டில் இணையப் பக்கம் செய்யும் பழைய முறை) எழுதிய பழைய புரோகிராம்களைப் பராமரிப்பது என் வேலை. கூடவே கல்முனையிலும் ஏறாவூரிலும் இருந்து வேலை பழக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் உண்டு. யார் வந்தாலும் கொஞ்ச நாளில் இந்தக் கேள்விகளில் பாதி வந்துவிடும்: கோடால் உருவாக்கிய டெக்ஸ்ட்பொக்ஸ் எங்கே போனது, அதில் எழுதியதை எப்படி எடுப்பது. வட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் தட்டிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஓரிடத்தில் போடுகிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பாஷையிலேயே இருக்கின்றன. கொன்ட்ரோல் என்பது டெக்ஸ்ட்பொக்ஸ், பட்டன், லேபல் போன்ற பக்கத்தின் உறுப்பு.

உதாரணம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: அரிசி ஆலை ஒன்றின் நெல் கொள்வனவுப் பில். ஒரு போடியார் (வயல்காரர்) மூன்று வட்டையில் (வயல் பகுதியில்) இருந்து நெல் அனுப்பினால் பில்லில் மூன்று நிரை வேண்டும். ஒவ்வொரு நிரையிலும் நெல் வகை, மூடை, கிலோ, ஈரப்பதம், விலை, கடைசியில் ஒரு ‘அழி’ பட்டன். மேலே ‘நிரை சேர்’ பட்டன், கீழே ‘சேமி’ பட்டன். எத்தனை நிரை வரும் என்று முன்கூட்டியே தெரியாது. ஐடிகளை இங்கே வாசிக்க வசதியாகத் தமிழில் எழுதுகிறேன். கோடில் நீங்கள் வழக்கம்போல ஆங்கில எழுத்திலேயே வையுங்கள்.

டைனமிக் கொன்ட்ரோல் எண்டா என்ன சேர்? எல்லாம் ஒரே டெக்ஸ்ட்பொக்ஸ் தானே?

டெக்ஸ்ட்பொக்ஸ் ஒன்றுதான், பிறக்கும் இடம்தான் வேறு. பக்கத்தின் வடிவத்தை எழுதும் ஏஎஸ்பிஎக்ஸ் கோப்பிலேயே எழுதி வைத்த டெக்ஸ்ட்பொக்ஸுக்கு டொட் நெட் தானாகவே ஒரு மாறியை அறிவித்துத் தருகிறது. அதனால் கோடில் அதன் ஐடியை எழுதிப் புள்ளி வைத்தவுடன் எல்லாம் வருகிறது. பக்கம் ஓடும்போது சீ ஷார்ப் கோடால் ‘நியூ’ போட்டு உருவாக்கியதற்கு அப்படி ஒரு மாறி கிடையாது. அதைப் பிடிக்க வேறு வழி பார்க்கவேண்டும். கீழே உள்ள கேள்விகள் எல்லாம் அந்த வழியைப் பற்றியவை.

‘நிரை சேர்’ அமத்தினா டெக்ஸ்ட்பொக்ஸ் வருது. மறுகா ‘சேமி’ அமத்தினா எல்லாம் காணாமப் போகுது. ஏன் இப்பிடி?

அதிகம் வரும் கேள்வி இதுதான். இது விளங்கிவிட்டால் மிச்சத்தில் முக்கால்வாசி தானாக விளங்கும். பிரவுசரில் இருந்து ஒவ்வொரு தடவை கோரிக்கை வரும்போதும் சேர்வர் அந்தப் பக்கத்தைப் புதிதாக உருவாக்குகிறது. எச்டிஎம்எல்லை எழுதி அனுப்பியதும் அந்தப் பக்கப் பொருளைத் தூக்கி எறிந்துவிடுகிறது. நீங்கள் திரையில் பார்க்கும் டெக்ஸ்ட்பொக்ஸ் பிரவுசரில் இருக்கிறது. சேர்வரில் அதற்குச் சொந்தமான பொருள் இப்போது இல்லை.

ஏஎஸ்பிஎக்ஸ் கோப்பில் எழுதியவை அடுத்த தடவையும் வருவதற்குக் காரணம், அந்தக் கோப்பை வைத்துப் பக்கம் அவற்றை மறுபடி கட்டுவதுதான். ‘நிரை சேர்’ கிளிக்கில் நீங்கள் உருவாக்கியது கோப்பில் இல்லை. ‘சேமி’ அமத்தும்போது ‘நிரை சேர்’ கிளிக் கோட் ஓடாது. ஆகவே அந்த டெக்ஸ்ட்பொக்ஸை யாரும் உருவாக்கவில்லை. அதில் பயனர் எழுதிய கிலோ சேர்வருக்கு வந்து சேர்ந்திருக்கும், ஆனால் அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

அப்ப ஒவ்வொரு போஸ்ட்பேக்குக்கும் நான்தான் திரும்பத் திரும்ப உருவாக்க வேணுமா? வியூஸ்டேட் எண்டு ஒண்டு இருக்கே, அது பார்க்காதா?

ஆம், நீங்கள்தான். பட்டனை அமத்தியதும் பக்கம் சேர்வருக்குத் திரும்பிப் போவதுதான் போஸ்ட்பேக். வியூஸ்டேட் என்பது பக்கத்தோடு பிரவுசருக்குப் போய்த் திரும்பி வரும் மறைவான ஒரு பொதி. அது வைத்திருப்பது மதிப்புகளை மட்டும்: லேபலின் எழுத்து, நிறம், ட்ரொப்டவுனின் பட்டியல் இப்படியானவை. எத்தனை டெக்ஸ்ட்பொக்ஸ் இருந்தது, எந்த பெனலுக்குள் (கொன்ட்ரோல்களைப் போட்டு வைக்கும் பெட்டி) இருந்தது என்பதை அது உங்களுக்காகக் கட்டித் தராது. நீங்கள் கட்டிக் கொடுத்தால் அதற்குள் மதிப்பை ஊற்றும்.

வீண் வேலை என்று பயப்பட வேண்டாம். ஏஎஸ்பிஎக்ஸ் கோப்பில் உள்ளவற்றுக்குப் பக்கம் இதே வேலையை ஒவ்வொரு தடவையும் செய்துகொண்டுதான் இருக்கிறது, உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பில்லில் இருக்கும் பத்திருபது நிரையை உருவாக்கச் சேர்வருக்கு நேரம் என்று சொல்லும் அளவுக்கு ஒன்றும் ஆகாது.

எங்க உருவாக்கிறது? ஒருத்தர் இனிட் எண்டுறார், ஒருத்தர் லோட் எண்டுறார். யார் சொல்றது சரி?

இரண்டு பேரும் பிழை இல்லை. இனிட், லோட் எல்லாம் ஒவ்வொரு கோரிக்கையிலும் பக்கம் கடந்துபோகும் கட்டங்கள். வரிசையைப் பாருங்கள்: முதலில் இனிட், பிறகு வியூஸ்டேட் ஏற்றப்படும், பிறகு பயனர் எழுதிய ஃபோர்ம் மதிப்புகள் ஏற்றப்படும், அதன் பிறகு லோட். லோட் முடிந்ததும் ஃபோர்ம் மதிப்புகளை இன்னொரு தடவை ஏற்றுவார்கள். லோட்டில் புதிதாகச் சேர்ந்த கொன்ட்ரோல்களுக்காகவே அந்த இரண்டாம் சுற்று. அப்புறம்தான் மதிப்பு மாறிய நிகழ்வுகளும் பட்டன் கிளிக்கும். கடைசியில் ப்ரீரெண்டர், வியூஸ்டேட் சேமிப்பு, எச்டிஎம்எல்.

இனிட்டில் உருவாக்கினால் லோட்டுக்கு வரும்போது டெக்ஸ்ட்பொக்ஸில் பயனர் எழுதியது நிரம்பியிருக்கும். லோட்டில் உருவாக்கினால், அதே லோட்டுக்குள் உடனே வாசிக்கப் போனால் எழுதியது இருக்காது. கிளிக்கில் வாசித்தால் இருக்கும். ‘லோட்டில் வெறுமை, கிளிக்கில் சரி, பேய் பிடிச்ச மாதிரி’ என்று ஒரு பிள்ளை சொன்னது இதைத்தான். முடிந்தால் இனிட், முடியாவிட்டால் லோட். கிளிக்கில் மட்டும் உருவாக்கி விட்டுவிடுவதுதான் கூடாது. கிளிக்கில் ஒரு நிரையைப் புதிதாகச் சேர்க்கலாம், ஆனால் அடுத்த கோரிக்கையில் அதையும் சேர்த்து இனிட்டில் அல்லது லோட்டில் கட்டவேண்டும்.

எத்தனை நிரை எண்ட எண்ணிக்கையை வியூஸ்டேட்டில வச்சன். இனிட்டில வாசிச்சா ஒண்டும் இல்லையே?

மேலே சொன்ன வரிசையைத் திரும்பப் பாருங்கள். வியூஸ்டேட் ஏற்றப்படுவது இனிட்டுக்குப் பிறகு. வராத பொருளை வாசிக்க ஏலாது. இதற்கு நாலு வழி பாவனையில் இருக்கிறது.

முதலாவது, நிரைகளை லோட்டிலேயே கட்டுவது. அப்போது வியூஸ்டேட் வந்திருக்கும். பெரும்பாலான பில்லுக்கு இது போதும். இரண்டாவது, பக்கத்தின் ‘லோட்வியூஸ்டேட்’ முறையை ஓவர்ரைட் செய்து, முதலில் பேஸ் முறையை அழைத்து, அடுத்த வரியில் நிரைகளைக் கட்டுவது. பிள்ளைக் கொன்ட்ரோல்களின் வியூஸ்டேட் அதற்குப் பிறகுதான் இறங்கும் என்பதால் எல்லாம் ஒழுங்காகப் பொருந்தும். எனக்குப் பிடித்தது இதுதான். மூன்றாவது, திரையில் தெரியாத ஒரு ஹிடன் ஃபீல்டில் வைத்து, பிரவுசர் அனுப்பியதை அப்படியே தரும் ‘ரிக்வெஸ்ட் ஃபோர்ம்’ மூலம் இனிட்டில் நேரடியாக வாசிப்பது. இதில் ஒரு கவனம்: அந்த எண்ணைப் பிரவுசரில் யாரும் மாற்றி அனுப்பலாம். ஒரு லட்சம் என்று அனுப்பினால் உங்கள் கோட் ஒரு லட்சம் நிரை கட்டப் போகும். மேல் எல்லை ஒன்று போடுங்கள்.

நாலாவது செஷன், அதாவது பயனர் ஒருவருக்கென்று சேர்வர் ஒதுக்கி வைத்திருக்கும் இடம். பலர் முதலில் எடுப்பது இதைத்தான், நான் கடைசியில் வைப்பதும் இதைத்தான். கணக்கப்பிள்ளை ஒரே பிரவுசரில் இரண்டு டேப் திறந்து இரண்டு போடியாருக்குப் பில் போட்டால் இரண்டு டேப்புக்கும் ஒரே எண்ணிக்கை. ஒன்றில் சேர்த்த நிரை மற்றதிலும் முளைக்கும்.

ஐடி குடுக்காம விட்டாலும் அதுவே ஒண்டு வைக்குதே. பிறகென்ன?

அது வைப்பது உருவாகிய வரிசையைப் பார்த்து ஓர் இலக்கம். இந்தத் தடவை இரண்டாவதாக உருவாகியது அடுத்த தடவை ஏழாவதாக உருவானால் ஐடியும் மாறும். பயனர் எழுதிய மதிப்பு கொன்ட்ரோலைத் தேடி வருவது பெயரை வைத்துத்தான். பெயர் மாறினால் மதிப்பு தெருவில் நிற்கும்.

‘அழி பட்டனை முதல் தரம் அமத்தினா ஒண்டும் நடக்காது, ரெண்டாம் தரம் வேலை செய்யுது’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டியிருப்பார்கள். லோட்டில் பெனலுக்குள் நிரைகளைக் கட்டுவார்கள், கிளிக்கில் பெனலை வெறுமையாக்கி மறுபடி கட்டுவார்கள். ஐடி கொடுக்காததால் இலக்கம் முன்னையதில் இருந்து தொடர்ந்து ஓடும். பிரவுசருக்குப் போகும் பட்டனுக்கு ஒரு பெயர், அடுத்த கோரிக்கையில் லோட் கட்டும் பட்டனுக்கு வேறு பெயர். முதல் கிளிக் யாரையும் சேராமல் போகும். அந்தக் கிளிக்கில் வெறுமையாக்கும் கோட் ஓடாததால் லோட் கட்டிய பெயரே பிரவுசருக்குப் போகும், இரண்டாம் கிளிக் பிடிக்கும். ஐடியை நீங்களே வைத்தால் இந்தக் கூத்து ஒன்றும் இல்லை.

ஐடியா நெல் வகைப் பெயரையே வைக்கலாமா? கீரிச்சம்பா, நாடு எண்டு?

வேண்டாம். ஒரே வகை இரண்டு வட்டையில் இருந்து வந்தால் ஒரே ஐடி இரண்டு வரும், பக்கம் பிழை காட்டி நிற்கும். பெயரில் இடைவெளி வந்தால் ஜாவாஸ்கிரிப்டும் சிஎஸ்எஸ்ஸும் மல்லுக்கட்டும். ‘கிலோ_’ என்று முன்னொட்டு போட்டு நிரையின் இலக்கத்தை ஒட்டுங்கள்: கிலோ_1, கிலோ_2.

கொன்ட்ரோலை அட் பண்ண முதல் மதிப்பு வைக்கிறதா, பண்ணின பிறகா? ரெண்டும் ஒண்டுதானே?

ஒன்றில்லை. பக்கத்தின் கொன்ட்ரோல் மரத்தில் (எதற்குள் எது என்ற அடுக்கு) சேர்க்க முதல் வைத்த மதிப்பை வியூஸ்டேட் கணக்கில் எடுக்காது. சேர்த்த பிறகு வைத்ததை எடுத்து ஒவ்வொரு தடவையும் பிரவுசருக்கும் சேர்வருக்கும் சுமக்கும். எப்போதும் மாறாத அகலம், நிறம், தலைப்பு எல்லாவற்றையும் சேர்க்க முதலே வையுங்கள், பக்கம் இலேசாக இருக்கும். டேட்டாபேஸில் இருந்து முதல் தடவை மட்டும் எடுத்து வைக்கும் மதிப்பைச் சேர்த்த பிறகு, போஸ்ட்பேக் இல்லாதபோது மட்டும் வையுங்கள்.

லோட்டில் சேர்த்த பிறகு நிபந்தனை இல்லாமல் லேபலுக்கு எழுத்து வைத்தால், சேர்த்த அந்தக் கணத்தில் வியூஸ்டேட் திருப்பித் தந்ததை நீங்களே அழித்து எழுதுகிறீர்கள். ‘ஈரப்பதம் கூட’ என்று கிளிக்கில் எழுதிய லேபல் அடுத்த போஸ்ட்பேக்கில் பழையபடி வெறுமையாவது அதனால்தான்.

ஃபைண்ட்கொன்ட்ரோல் எப்பவும் நல் தான் தருது. ஐடி சரியாத்தான் இருக்கு, நூறு தரம் பார்த்திட்டன்!

ஃபைண்ட்கொன்ட்ரோல் என்பது ஐடியைக் கொடுத்துக் கொன்ட்ரோலைத் தேடும் முறை, நல் என்றால் ஒன்றும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். முதலில், அந்தக் கொன்ட்ரோல் இந்தக் கோரிக்கையில் உருவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டாம் கேள்விக்குப் போங்கள். உருவாகியிருந்தும் நல் வந்தால், தேடும் இடம் பிழை.

காத்தான்குடியில் நின்று ‘ஹாஜியார் வீடு எது’ என்று கேட்டால், எந்த ஒழுங்கை ஹாஜியார் என்று திருப்பிக் கேட்பார்கள். ஃபைண்ட்கொன்ட்ரோல் அப்படித் திருப்பிக் கேட்காது. நீங்கள் நிற்கும் ஒழுங்கையில் மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிடும். இந்த ஒழுங்கைக்கு வெப் ஃபோர்ம்ஸில் நேமிங் கன்டெய்னர் என்று பெயர். ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் போடும் ரிப்பீட்டரின் ஒவ்வொரு உருப்படியும், அட்டவணை போடும் கிரிட்வியூவின் ஒவ்வொரு நிரையும், தனிக் கோப்பில் எழுதிய யூசர் கொன்ட்ரோலும், பல பக்கத்துக்குப் பொதுச் சட்டமான மாஸ்டர் பேஜின் கன்டென்ட் பிளேஸ்ஹோல்டரும் தனித்தனி நேமிங் கன்டெய்னர். ரிப்பீட்டரில் பத்து நிரையிலும் ‘கிலோ’ என்ற ஒரே ஐடி சண்டையில்லாமல் இருப்பதும் இதனால்தான். சாதாரண பெனல், பிளேஸ்ஹோல்டர், டேபிள், பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கும் அப்டேட்பெனல் நேமிங் கன்டெய்னர் அல்ல. அவற்றுக்குள் இருப்பதை வெளியில் நின்றே கண்டுபிடிக்கலாம்.

ஆகக் கூடுதலாக ஆட்கள் விழும் குழி மாஸ்டர் பேஜ். பக்கத்துக்கு மாஸ்டர் போட்ட அன்றைக்கே, பேஜில் நின்று தேடும் ஃபைண்ட்கொன்ட்ரோல் எல்லாம் நல் தரத் தொடங்கும். கோட் மாறவில்லை, ஆனால் எல்லாம் கன்டென்ட் பிளேஸ்ஹோல்டருக்குள் போய்விட்டது. முதலில் மாஸ்டரில் அந்தப் பிளேஸ்ஹோல்டரைத் தேடுங்கள், பிறகு அதில் நின்று டெக்ஸ்ட்பொக்ஸைத் தேடுங்கள். இன்னும் சுலபம், நிரைகளைப் போட்ட பெனலில் நின்றே தேடுவது. பெனலின் பெயர்தான் உங்களிடம் இருக்கிறதே.

எல்லா மட்டத்திலயும் தோண்டித் தேடுற ரிகர்சிவ் ஃபங்ஷன் ஒண்டு எழுதி வச்சா தொல்லை முடிஞ்சுதே?

முடியும், பக்கத்தில் ஒரு ஐடி ஒரு தடவை மட்டும் இருந்தால். ரிப்பீட்டர் இருக்கும் பக்கத்தில் ‘கிலோ’ என்று தேடினால் முதல் நிரையின் கிலோவைத் தந்துவிட்டுப் போகும். உங்களுக்கு வேண்டியது ஐந்தாவது. பிழைச் செய்தியும் வராது, பில்லில் காசுதான் பிழையாகும். நல் வருவது இதைவிட நல்லது, குறைந்தது சத்தம் போடும். எங்கே இருக்கிறது என்று தெரிந்த கொன்ட்ரோலை அந்த இடத்திலேயே போய்த் தேடுங்கள்.

ஃபைண்ட்கொன்ட்ரோல் இல்லாமலே எடுக்க ஏலாதா அண்ணா?

ஏலும், நானும் கூடுதலாக அப்படித்தான் செய்கிறேன். நிரை கட்டும்போதே ‘நிரை’ என்று ஒரு சின்னக் கிளாஸ் வைத்து, அதில் மூடை, கிலோ, விலை டெக்ஸ்ட்பொக்ஸ்களை வைத்து, பக்கத்தின் ஒரு லிஸ்டில் சேர்த்துவிடுங்கள். ‘சேமி’ கிளிக்கில் அந்த லிஸ்டைச் சுற்றினால் போதும். ஐடி எழுத்துப் பிழை, வகை மாற்றம், நல் சோதனை எதுவும் இல்லை.

ஒரு நிபந்தனை: அந்த லிஸ்டும் ஒவ்வொரு கோரிக்கையிலும் புதிதாகத்தான் நிரம்பவேண்டும். அதை ஸ்டாட்டிக் (எல்லாப் பயனருக்கும் பொதுவான ஒன்று) ஆக்கினால் அல்லது கொன்ட்ரோல்களைச் செஷனில் போட்டால் செத்துப்போன பக்கத்தின் டெக்ஸ்ட்பொக்ஸ்களைத்தான் வாசிப்பீர்கள். ஸ்டாட்டிக் இன்னும் மோசம். சம்மாந்துறைக் கிளையில் இருப்பவர் போட்ட நிரை அக்கரைப்பற்றுக் கிளையில் இருப்பவரின் பில்லுக்குள் போகும்.

எந்த நிரையில ‘அழி’ அமத்தினாலும் கடைசி நிரைதான் அழியுது. ஏன்?

பட்டன்களை ‘ஃபோர்’ சுற்றில் உருவாக்கி, கிளிக்குக்கு லம்டா (பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்) எழுதி, அதற்குள் சுற்றின் மாறியைப் பாவித்திருப்பீர்கள். லம்டா அந்த மாறியின் அன்றைய மதிப்பை எடுத்து வைப்பதில்லை, மாறியையே பிடித்து வைத்துக்கொள்கிறது. கிளிக் நடக்கும்போது சுற்று முடிந்து மாறி கடைசி எல்லையில் நிற்கும். சுற்றுக்குள் வேறொரு மாறிக்குப் பிரதி எடுத்துப் பாவித்தால் சரி. ‘ஃபோர்ஈச்’ சுற்றில் இந்தத் தொல்லை சீ ஷார்ப் 5 உடன், அதாவது 2012இல், போய்விட்டது. ‘ஃபோர்’ சுற்றில் இன்றைக்கும் உண்டு.

லம்டாவே வேண்டாம் என்றால் பட்டனின் ‘கொமாண்ட் ஆர்கியூமென்ட்’டில் நிரை இலக்கத்தை வைத்து, எல்லாப் பட்டனுக்கும் ஒரே முறையைக் கட்டுங்கள். எப்படிச் செய்தாலும் நிகழ்வை ஒவ்வொரு கோரிக்கையிலும் திரும்பக் கட்டவேண்டும். பட்டனே புதிது, அதில் கட்டியதும் பழைய பட்டனோடு போய்விட்டது.

மூண்டு நிரையில நடு நிரையை அழிச்சன். அடுத்த போஸ்ட்பேக்கில கடைசி நிரையின்ட கிலோ வெறுமையாகுது.

நீங்கள் வைத்திருப்பது எண்ணிக்கை. மூன்று, அழித்த பிறகு இரண்டு. அழித்ததும் திரையில் இருப்பது கிலோ_1, கிலோ_3. அடுத்த கோரிக்கையில் எண்ணிக்கை இரண்டு என்று பார்த்து நீங்கள் கட்டுவது கிலோ_1, கிலோ_2. பிரவுசர் அனுப்பிய கிலோ_3 வாங்குவாரில்லாமல் போகிறது.

எண்ணிக்கைக்குப் பதிலாக இலக்கங்களின் பட்டியலை வையுங்கள்: 1, 2, 3. நடுவை அழித்தால் 1, 3. புதிது சேர்த்தால் 4, பழைய 2ஐத் திரும்பக் கொடுக்கவேண்டாம். திரையில் பயனருக்குக் காட்டும் தொடர் இலக்கம் வேறு, ஐடிக்குள் இருக்கும் இலக்கம் வேறு. அழிக்கும் கிளிக்கில் முழுவதையும் வெறுமையாக்கிக் கட்டாமல், அந்த ஒரு நிரையை மட்டும் மரத்தில் இருந்து எடுத்து, பட்டியலில் இருந்தும் எடுத்தால் மற்ற நிரைகளில் எழுதியது அப்படியே இருக்கும்.

‘கொன்ட்ரோல் மரம் பொருந்தவில்லை, வியூஸ்டேட் ஏற்ற முடியவில்லை’ எண்டு மஞ்சள் பக்கம் வருது. ஐடி எல்லாம் சரி.

ஃபோர்ம் மதிப்பு பெயரை வைத்துத் தேடி வருகிறது என்று சொன்னேன். வியூஸ்டேட் அப்படியில்லை. அது சாதாரணமாக மரத்தில் எத்தனையாவது பிள்ளை என்பதை வைத்துப் பொருத்துகிறது. போன தடவை மூன்றாவது இடத்தில் ட்ரொப்டவுன் இருந்து, இந்தத் தடவை அதே இடத்தில் லேபல் இருந்தால் ட்ரொப்டவுனின் சாமானை லேபலுக்குள் திணிக்கப் பார்க்கும்.

ஐடியும் ஒன்றாக இருக்கவேண்டும், வரிசையும் ஒன்றாக இருக்கவேண்டும். புதிய நிரையை மேலே செருகாமல் கீழே சேருங்கள். இந்தப் பிழை வந்தால் உண்மையில் அதிர்ஷ்டம்தான். இரண்டும் ஒரே வகைக் கொன்ட்ரோலாக இருந்தால் பிழை வராது, ஒரு லேபலின் எழுத்து இன்னொரு லேபலில் போய் உட்கார்ந்திருக்கும்.

நிரையை யூசர் கொன்ட்ரோலா செஞ்சு ‘நியூ’ போட்டுச் சேர்த்தன். உள்ளுக்க இருக்கிற டெக்ஸ்ட்பொக்ஸ் எல்லாம் நல்!

‘நியூ’ போட்டால் கிளாஸ் மட்டும் வரும், ஏஎஸ்சிஎக்ஸ் கோப்பில் நீங்கள் எழுதிய எச்டிஎம்எல்லும் டெக்ஸ்ட்பொக்ஸும் வராது. பக்கத்தின் ‘லோட்கொன்ட்ரோல்’ முறைக்குக் கோப்பின் பாதையைக் கொடுத்து உருவாக்குங்கள். பிறகு வெளியில் நின்று உள்ளே ஃபைண்ட்கொன்ட்ரோல் செய்து தோண்டாதீர்கள். யூசர் கொன்ட்ரோலிலேயே ‘கிலோ’, ‘விலை’ என்று பப்ளிக் ப்ரொப்பர்டி வைத்து அதைக் கேளுங்கள்.

இவ்வளவு பாடு பட வேணுமா? ரிப்பீட்டர் இருக்கே.

சரியான கேள்வி. எல்லா நிரையும் ஒரே வடிவம் என்றால் ரிப்பீட்டர்தான் நல்லது, நம் பில்லுக்கும் அதுவே போதும். ‘நிரை சேர்’ கிளிக்கில் இருக்கும் உருப்படிகளைச் சுற்றி, ஒவ்வொரு உருப்படியிலும் நின்று ஃபைண்ட்கொன்ட்ரோலால் மதிப்புகளை எடுத்து ஒரு லிஸ்டில் போடுங்கள், கடைசியில் ஒரு வெறும் நிரை சேருங்கள், மறுபடி டேட்டாபைண்ட் செய்யுங்கள் (லிஸ்டை ரிப்பீட்டருக்குள் நிரப்புவது). அழிப்பதும் இதே மாதிரி. மேலே பார்த்த இலக்கப் பட்டியல் தொல்லை இதில் இல்லை.

இரண்டு இடத்தில் கவனம். டேட்டாபேஸில் இருந்து எடுத்து டேட்டாபைண்ட் செய்வதைப் போஸ்ட்பேக் இல்லாதபோது மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு லோட்டிலும் செய்தால் கணக்கப்பிள்ளை எழுதியதெல்லாம் கிளிக்குக்கு வர முதலே அழிந்துவிடும். மற்றது, ‘ஐட்டம் டேட்டாபவுண்ட்’ நிகழ்வு தலைப்பு வரிக்கும் அடி வரிக்கும் கூட வரும். தலைப்பில் கிலோ டெக்ஸ்ட்பொக்ஸ் இல்லை, அங்கே நல் வரத்தான் செய்யும், உருப்படியின் வகையைப் பார்த்து ஒதுக்குங்கள். ஒவ்வொரு நிரையும் வேறு வேறு வடிவமாக வரும் படிவங்களுக்கு, உதாரணமாகக் கேள்விகளை டேட்டாபேஸில் வைத்து ஓடும் ஆய்வுப் படிவத்துக்கு, டைனமிக் கொன்ட்ரோல் தவிர்க்க முடியாது.

நான் ஜாவாஸ்கிரிப்டால நிரை சேர்த்தன். திரையில இருக்கு, சேர்வரில தேடினா இல்ல.

அது சேர்வர் கொன்ட்ரோலே இல்லை, ஃபைண்ட்கொன்ட்ரோலுக்கு அதைத் தெரியாது. ‘ரிக்வெஸ்ட் ஃபோர்ம்’மில் பெயரைக் கொடுத்து எடுக்கவேண்டும். இன்புட்டுக்கு ஐடி மட்டும் வைத்து ‘நேம்’ வைக்காவிட்டால் பிரவுசர் அதை அனுப்பவே அனுப்பாது. டிசேபிள் செய்த இன்புட்டும் போகாது. முழுப் போஸ்ட்பேக் ஆனால் அந்த நிரைகள் திரையில் இருந்து போய்விடும், அவற்றைத் திரும்ப எழுதுவதும் உங்கள் பொறுப்பு.

எல்லா நிரைக்கும் ‘கிலோ’ என்று ஒரே நேம் வைத்தால் மதிப்புகள் காற்புள்ளி போட்டு ஒட்டி வரும். ஒருவர் 1,250 என்று எழுதினால் அதைப் பிரித்து இரண்டு நிரை என்று எண்ணுவீர்கள். ‘கெட்வால்யூஸ்’ முறை தனித்தனியாகத் தரும். அதிலும் செக்பொக்ஸ் இருந்தால் ஆபத்து: டிக் போடாத செக்பொக்ஸ் அனுப்பப்படுவதில்லை, ஐந்து கிலோவுக்கு மூன்று டிக் வரும், எந்த மூன்று என்று தெரியாது. நேமிலேயே நிரை இலக்கத்தை ஒட்டுவதுதான் வழி. சேர்வர் ட்ரொப்டவுனுக்குள் ஜாவாஸ்கிரிப்டால் புதிய நெல் வகை சேர்த்து அதைத் தெரிவு செய்து அனுப்பினால் ‘ஈவென்ட் வலிடேஷன்’ தடுத்துப் பிழை காட்டும். தான் அனுப்பாத தெரிவு திரும்பி வருவதை அது சந்தேகப்படுகிறது, அந்தச் சந்தேகம் நியாயமானதே.

மற்றப் பக்கம்: சேர்வர் உருவாக்கின டெக்ஸ்ட்பொக்ஸை ஜாவாஸ்கிரிப்டில எடுக்கிறது எப்படி? ஐடி நீட்டா மாறிப் போகுது.

நேமிங் கன்டெய்னர்களின் ஐடிகளை அடிக்கோட்டால் கோத்து வருவதால் நீள்கிறது. கோடில் ‘கிளையன்ட் ஐடி’ என்ற ப்ரொப்பர்டியைக் கேட்டால் பிரவுசருக்குப் போகும் முழு ஐடி கிடைக்கும், அதை ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொடுங்கள். டொட் நெட் 4 உடன் 2010இல் வந்த ‘கிளையன்ட் ஐடி மோட்’டை ஸ்டாட்டிக் ஆக்கினால் நீங்கள் வைத்த ஐடி அப்படியே போகும். ஆனால் ரிப்பீட்டருக்குள் ஸ்டாட்டிக் போட்டால் ஒரே ஐடி பத்துத் தடவை வரும். அது மாற்றுவது ஐடியை மட்டும், ‘நேம்’ டொலர் குறி போட்டு நீளமாகத்தான் இருக்கும்.

கிலோவும் விலையும் எழுதியதும் தொகை தானாக வரவேண்டும் என்றால் ஒவ்வொரு டெக்ஸ்ட்பொக்ஸிலும் நிகழ்வு கட்டாதீர்கள். அப்டேட்பெனல் புதுப்பித்தவுடன் அந்தக் கட்டெல்லாம் போய்விடும். அப்டேட்பெனலுக்கு வெளியே இருக்கும் ஒரு தாய் உறுப்பில் ஒரே ஒரு நிகழ்வு கட்டி, எங்கிருந்து வந்தது என்று ‘குளோசஸ்ட்’ மூலம் பார்த்து, அந்த நிரைக்குக் கணக்குப் போடுங்கள். பிறகு சேரும் நிரைகளுக்கும் அது வேலை செய்யும். அப்டேட்பெனல் போட்டால் சேர்வரில் கொன்ட்ரோல் கட்டும் வேலை குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். குறையாது, பக்கத்தின் முழு ஓட்டமும் அங்கேயும் நடக்கிறது.

மற்ற நாளில சரியா வேலை செய்யுது. மாசி, பங்குனியில பெரும்போக அறுவடை நேரம் மட்டும் ‘சேமி’ அமத்தினா பிழை. சேர்வர் தாங்குதில்லையா?

சேர்வர் தாங்கும். நாள் முழுவதற்கும் ஒரே பக்கத்தில் நிரை சேர்த்துக்கொண்டு போகும் மில்களில் இது வரும். ஒரு கோரிக்கையில் ஏற்கும் ஃபோர்ம் புலங்களுக்கு ஏஎஸ்பி டொட் நெட்டில் எல்லை உண்டு, வழக்கமான அளவு 1000. 2011 டிசம்பர் கடைசியில் வந்த பாதுகாப்புத் திருத்தத்தில் இதைப் போட்டார்கள். எக்கச்சக்கமான புலங்களை வேண்டுமென்றே அனுப்பிச் சேர்வரை முடக்கும் தாக்குதலைத் தடுக்கத்தான் அது. நம் நிரையில் ஐந்து புலம். 200 நிரையில் 1000 ஆகிவிடும், வியூஸ்டேட் போன்ற ஹிடன் புலங்களும் சேர எல்லை தாண்டும். பிழைச் செய்தி ‘பொருளின் தற்போதைய நிலையால் இந்தச் செயல் செல்லாது’ என்ற மாதிரி வருவதால் யாருக்கும் காரணம் பிடிபடாது.

வெப் கொன்ஃபிக்கின் ஆப் செட்டிங்ஸில் ‘மேக்ஸ் எச்டிடிபி கலெக்ஷன் கீஸ்’ என்ற பெறுமதியைக் கூட்டலாம். நான் அதை அவசரத்துக்குத்தான் செய்வேன். லொறிக்கு ஒரு பில் என்று சேமித்துவிட்டு அடுத்ததற்குப் போகும்படி பக்கத்தை மாற்றுவது நல்லது. மின்சாரம் போனாலும் 200 நிரை ஒரேயடியாகப் போகாது.

புதிய டொட் நெட்டுக்கு மாறினா இந்தத் தலையிடி எல்லாம் போயிரும் தானே?

வெப் ஃபோர்ம்ஸ் புதிய டொட் நெட்டில் இல்லை. அது 4.8, 4.8.1 பதிப்புகளோடு பழைய ஃப்ரேம்வொர்க்கில் தங்கிவிட்டது. புதிய டொட் நெட்டின் வெப் முறைகளான ரேஸர் பேஜஸ், எம்விசி பக்கம் போனால் வியூஸ்டேட், ஃபைண்ட்கொன்ட்ரோல், நேமிங் கன்டெய்னர் எல்லாம் போகும். பக்கத்தில் கொன்ட்ரோலைத் தேடாமல், வந்த மதிப்புகளை நிரைகளின் லிஸ்டாகவே வாங்குவீர்கள். இன்னொரு முறையான பிளேஸரில் லிஸ்டில் ஒரு நிரை சேர்த்தால் திரை தானாக மாறும்.

நடு நிரையை அழிக்கும் தொல்லை மட்டும் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு கூடவே வரும். எம்விசியில் நிரைகளின் நேமுக்குள் சதுர அடைப்பில் இலக்கம் வரும், பூச்சியத்தில் இருந்து இடைவெளி விடாமல். ஜாவாஸ்கிரிப்டால் நடுவை அழித்து 0, 2 என்று அனுப்பினால் 0ஐ மட்டும் வாங்கிக்கொண்டு 1 இல்லை என்று அங்கேயே நின்றுவிடும், 2 பிழைச் செய்தி ஏதும் இல்லாமல் விழுந்துவிடும். ஒவ்வொரு நிரையிலும் ‘இன்டெக்ஸ்’ என்று முடியும் நேமோடு ஒரு ஹிடன் புலம் வைத்து அந்த நிரையின் இலக்கத்தை அதில் அனுப்பினால், இடைவெளி இருந்தாலும் எல்லா நிரையும் வந்து சேரும்.